செல் இல்லாத குழியும் ஒளிர்ந்தது

96 குழிகள் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் தட்டின் கடைசி வரிசையில் நான் செல் எதையும் போடவில்லை. செல்களுக்கு உணவான வளர்ப்பு ஊடகமும், ஆக்ஸிஜனேற்றத்தை ஒளியாகக் காட்டும் சாயமும் மட்டும்தான். கருவி எண்களைத் துப்பியபோது, செல்கள் இருந்த வரிசையில் வந்த ஒளியில் ஏறக்குறையப் பாதி அந்த வெறும் வரிசையிலும் வந்திருந்தது. கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை படிக்க வைத்தேன். இந்தத் தடவை எண்கள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தன.

அந்த வரிசையைச் சேர்க்கச் சொன்னவர் ஆய்வகத்தில் எனக்கு நாலு வருடம் மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "செல்லே இல்லாம ஒளிருதுன்னா, இத்தனை நாளா நீ எதை அளந்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். மூன்று மாதமாக ஒரு மருந்து செல்களில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகள் செல்லைக் கெடுக்கும் நிலையை, கூட்டுகிறது என்று வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடிப் போனபோதுதான், ஒளிரும் உணரிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அப்போது படித்ததையும் அதற்குப் பிறகு கைப்பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் எதை அளக்க முயல்கிறோம் என்பது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் பெரும்பாலும் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. சில சமயம் பாதி வழியில் ஒன்றோ இரண்டோ எலக்ட்ரானோடு நின்றுவிடும். ஒன்று வாங்கினால் சூப்பர்ஆக்சைடு, இரண்டு வாங்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்தப் பெராக்சைடு இரும்பைச் சந்தித்தால், இணை சேராத எலக்ட்ரானோடு எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல். இவற்றையெல்லாம் சேர்த்து ஆர்ஓஎஸ் (வினைமிகு ஆக்ஸிஜன் வகைகள்) என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள் ஒரு நானோநொடி அளவு. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் நகர்வதற்குள் எதையாவது தாக்கி முடிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாது. சவ்வுகளைத் தாண்டிப் போகும், குறிப்பிட்ட சில புரதங்களை மட்டும் தொட்டு மாற்றும். இயல்பான செல்லின் உள்ளே அது சில நானோமோலார் முதல் நூறு நானோமோலார் வரை எப்போதும் இருக்கும், செல்லுக்குச் செய்தி சொல்லும் வேலையையும் செய்யும். ஹெல்முட் சீஸ் 1985இல் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்துக்கு வரையறை கொடுத்தார். பின்னாளில் அவரே, உடலுக்கு வேண்டிய அளவிலான ஆக்ஸிஜனேற்றம் வேறு, கேடு செய்யும் அளவு வேறு என்று பிரித்துப் பேசினார். ஆக, "ஆர்ஓஎஸ் கூடியது" என்ற வாக்கியத்தைப் பார்த்தால், எது, எங்கே, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்.

என் தட்டில் இருந்த சாயத்தின் பெயர் சுருக்கமாக டிசிஎஃப். ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க 1965இலேயே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விலை குறைவு, எல்லா ஆய்வகத்திலும் ஒரு குப்பி இருக்கும், அரை மணி நேரத்தில் எண் வந்துவிடும். ஒளிராத வடிவில் செல்லுக்குள் நுழையும், உள்ளே இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அதன் வாலை வெட்டும், வெளியே வர முடியாமல் தங்கும், ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிரும். எல்லாரும் சொல்லித் தரும் கதை இதுதான்.

கதையில் விடுபட்டுப் போவது நிறைய. இந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாகச் சொல்லிக்கொள்ளும்படி வினைபுரிவதில்லை. நடுவில் இரும்போ பெராக்சிடேஸ் நொதியோ, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோக்ரோம் சி என்ற புரதமோ இருக்க வேண்டும். அப்படியானால் செல்லில் பெராக்சைடு கொஞ்சமும் மாறாமல் இரும்பு மட்டும் கூடினாலும் ஒளி கூடும். சாகத் தொடங்கிய செல்லில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோக்ரோம் சி வெளியே கசியும், அதனாலும் ஒளி கூடும். செல்லைக் கொல்லும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, ஒளி ஏறியதைப் பார்த்து, ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தால்தான் செல் இறந்தது என்று எழுதினால், விளைவையே காரணமாக எழுதிவிட்டோம் என்றாகலாம். நான் எழுதியது கிட்டத்தட்ட அதுதான்.

என்னை மிகவும் கலங்கடித்தது இன்னொரு விஷயம். சாயம் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வழியில் ஒரு இடைநிலை ரேடிக்கலாக மாறுகிறது. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூப்பர்ஆக்சைடை உண்டாக்குகிறது, சூப்பர்ஆக்சைடு பெராக்சைடாகிறது, அந்தப் பெராக்சைடு இன்னும் சாயத்தை மாற்ற உதவுகிறது. சாட்சி சொல்ல வந்தவரே குற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறார்! போதாக்குறைக்கு வெளிச்சம் பட்டாலே இது ஆக்ஸிஜனேற்றம் அடையும். நான் தட்டை இரண்டாம் முறை படிக்க வைத்தபோது எண் ஏன் ஏறியது என்பது இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. செல் இல்லாத வரிசைக்கும் காரணம் இருந்தது. ஊடகத்தில் சேர்த்திருந்த சீரத்திலேயே (ரத்தத்திலிருந்து பிரித்த நீர்மம்) வாலை வெட்டும் எஸ்டரேஸ் நொதிகள் உண்டு.

"ஆனால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன் போட்டால் ஒளி குறைகிறதே, அப்போ அது ஆர்ஓஎஸ்தானே?" என்ற வாதத்தை இன்றும் கட்டுரைகளில் பார்க்கிறேன். அந்த மூலக்கூறு ஹைட்ரஜன் பெராக்சைடோடு மிக மிக மெதுவாகத்தான் வினைபுரியும். பெராக்சைடை அழிக்கச் செல்லில் ஏற்கெனவே இருக்கும் பெராக்சிரெடாக்சின் புரதங்களின் வேகத்தோடு போட்டி போட அதனால் முடியாது. செல்லுக்குள் அது வேறு பல வழிகளில் வேலை செய்கிறது. ஒளி குறைந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது.

மற்ற சாயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்ஆக்சைடுக்கு டைஹைட்ரோஎத்திடியம் உண்டு, அதை மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பும் வடிவம் மைட்டோசாக்ஸ். சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்தால் ஒரு விளைபொருள், வேறு வழியில் ஆக்ஸிஜனேற்றம் ஆனால் இன்னொரு விளைபொருள். இரண்டும் சிவப்பாகவே ஒளிரும். நுண்ணோக்கியில் பிரிக்க முடியாது, கலவையைப் பொருள் பொருளாகப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். பெரும்பாலோர் போடுவதில்லை. போரானேட் வகைச் சாயங்கள் டிசிஎஃப்பை விட நேர்மையானவை, பெராக்சைடோடு நேரடியாகவே வினைபுரியும். ஆனால் மெதுவாக. பெராக்சிரெடாக்சின் இவற்றைவிடக் கோடி மடங்கு அளவு வேகமாகப் பெராக்சைடைப் பிடித்துவிடும், சாயத்துக்குக் கிடைப்பது சிந்தியது சிதறியதுதான். தவிர, பெராக்சிநைட்ரைட் என்ற வேறொரு வினைமிகு மூலக்கூறு வந்துவிட்டால் போரானேட் அதோடு பத்து லட்சம் மடங்கு வேகமாகச் சேரும். கொழுப்புச் சவ்வு கெடுவதைப் பார்க்கும் சி11-போடிபி என்ற சாயம் எனக்குப் பிடிக்கும். ஆக்ஸிஜனேற்றம் ஆகும்போது அதன் ஒளி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிறது, இரண்டு நிறத்தையும் ஒப்பிட முடியும்.

ஒப்பிடுவது என்ற இந்த விஷயம்தான் என்னை அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போனது.

1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1992இல் அதன் மரபணு கைக்குக் கிடைத்தது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதை வேறு உயிர்களிலும் ஒளிர வைத்துக் காட்டினார். ரோஜர் சியென் அதற்குப் பல நிறம் கொடுத்தார். மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல். ஜிஎஃப்பி என்று நாம் சொல்லும் இந்தப் புரதத்தின் ஒளிரும் மையம், புரதம் மடிந்த பிறகு ஆக்ஸிஜனின் உதவியால் தானாக உருவாகிறது. அப்படி உருவாகும்போது ஒவ்வொரு புரதமும் ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறை வெளியே விடுகிறது. பெராக்சைடை அளக்கும் கருவியே பிறக்கும்போது கொஞ்சம் பெராக்சைடோடு பிறக்கிறது என்பதை முதலில் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு புரதத்துக்கு ஒன்றுதான், அதோடு முடிந்துவிடும். டிசிஎஃப் போலத் திரும்பத் திரும்ப ஊற்றெடுப்பதில்லை.

2004இல் இந்தப் புரதத்தின் பீப்பாய் போன்ற உடலின் மேற்பரப்பில், பக்கத்துப் பக்கத்தில் சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் இரண்டைப் பதித்தார்கள். சுற்றுப்புறம் ஆக்ஸிஜனேற்றத் தன்மையோடு இருந்தால் இரண்டும் கைகோத்து டைசல்ஃபைடு பிணைப்பு ஆகும், இல்லாவிட்டால் பிரிந்து நிற்கும். கைகோத்தால் 400 நானோமீட்டர் வெளிச்சத்தை அதிகம் வாங்கும், பிரிந்தால் 490ஐ. இரண்டிலும் வெளிவரும் ஒளி 510 அருகே, அதே பச்சை. இதுதான் ரோ-ஜிஎஃப்பி. தராசின் இரண்டு தட்டு மாதிரி, 400இல் கிடைத்த ஒளியை 490இல் கிடைத்த ஒளியால் வகுத்தால் போதும். ஒரு செல்லில் புரதம் நிறைய இருக்கிறதா குறைவா, செல் தடிமனா மெல்லியதா என்பதெல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகும். சாயத்தில் இந்த வசதி இல்லை. அங்கே சாயம் அதிகம் நுழைந்த செல்லும் அழுத்தத்தில் இருக்கும் செல்லும் ஒரே மாதிரி தெரியும்.

இன்னொன்று, இது திரும்பி வரும். அழுத்தம் தணிந்தால் சிஸ்டீன்கள் பிரியும், விகிதம் இறங்கும். கடைசியில் அதே செல்லுக்கு டைஅமைடு கொடுத்து முழு ஆக்ஸிஜனேற்றத்தையும், டிடிடி கொடுத்து அதற்கு எதிரான முழு ஒடுக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் அளந்த எண்ணை இந்த இரண்டு எல்லைக்கு இடையே வைத்து, எத்தனை சதவீதம் என்று சொல்லலாம். நான் முதல்முறை டிடிடி விட்டு, விகிதம் சரசரவென்று இறங்கி ஒரு தளத்தில் நின்றதைப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. முன்பு வரைந்த வரைபடங்களில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. இதில் தெரிந்தது.

வெறும் ரோ-ஜிஎஃப்பி மெதுவானது, யாரோடு பேசுகிறது என்பதும் தெளிவில்லை. 2008இல் ஹைடல்பர்க்கில் டோபியாஸ் டிக் குழுவினர் மனிதக் குளூட்டாரெடாக்சின் புரதத்தை அதோடு ஒட்டவைத்தார்கள். அதன்பின் அது செல்லை ஆக்ஸிஜனேற்றத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறின் நிலையை மட்டும் குறிப்பாக, வேகமாகச் சொல்லத் தொடங்கியது. சொன்ன செய்தி பலரையும் அதிர வைத்தது. செல்களை அரைத்துச் சோதனைக் குழாயில் அளந்தபோது, ஒடுங்கிய குளூட்டாதயோனுக்கும் ஆக்ஸிஜனேற்றமானதற்கும் விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் கிடைத்துவந்தது. உயிருள்ள செல்லின் சைட்டோசோலில் (உள் நீர்மத்தில்) இந்த உணரி பல பத்தாயிரத்துக்கு ஒன்று என்றது. அரைக்கும்போதே காற்றுபட்டுக் கொஞ்சம் ஆக்ஸிஜனேற்றம் ஆகியிருக்கும். அதோடு, ஈஸ்ட் செல் ஆக்ஸிஜனேற்றமான குளூட்டாதயோனைத் தன் வாக்குவோல் என்ற உள் பைக்குள் தள்ளிப் பூட்டிவைக்கிறது என்று 2013இல் தெரிந்தது. அரைத்தால் பூட்டு உடைந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வீட்டில் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், வீட்டையே இடித்துக் குவியலை எடைபோட்டுச் சொன்ன மாதிரி.

சரி, பெராக்சைடு? அதற்கு 2006இலேயே மாஸ்கோவிலிருந்து ஹைப்பர் என்ற உணரி வந்திருந்தது. எஷெரிக்கியா கோலை பாக்டீரியா பெராக்சைடை உணர ஆக்ஸிஆர் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அதன் நடுவே ஒரு மஞ்சள் ஒளிர் புரதத்தைச் செருகினார்கள். பாக்டீரியா கோடிக்கணக்கான வருடங்களாகத் தீட்டி வைத்த மூக்கை இரவல் வாங்கியது போல. வேகமும் குறிவைப்பும் அபாரம். குறை, பிஎச் (அமில-கார அளவு) மாறினாலும் ஹைப்பர் விகிதம் மாறும். செல் கொஞ்சம் காரத்தன்மை அடைந்தாலே பெராக்சைடு கூடியது போலத் தோன்றும். அதனால் பெராக்சைடைப் பிடிக்கும் சிஸ்டீனை எடுத்துவிட்ட சைஃபர் என்ற ஊமை வடிவத்தை எப்போதும் பக்கத்திலேயே வைத்து ஓட்ட வேண்டும். 2020இல் வந்த ஹைப்பர்-7 இந்தத் தொல்லையிலிருந்து பெருமளவு விடுபட்டது.

பிஎச் எவ்வளவு பெரிய பள்ளத்தில் தள்ளும் என்பதற்கு மைட்டோஃப்ளாஷ் விவகாரத்தைச் சொல்வேன். 2008இல், மைட்டோகாண்ட்ரியாவில் வைத்த ஒரு மஞ்சள் ஒளிர் புரதம் திடீர் திடீரென்று மின்னுவதைக் கண்டு, அவை சூப்பர்ஆக்சைடு வெடிப்புகள் என்று அறிவித்தார்கள். அழகான படங்கள். 2014இல் புழுக்களின் ஆயுளோடு அந்த மின்னலைத் தொடர்புபடுத்திய கட்டுரையும் வந்தது. அந்தப் புரதம் சூப்பர்ஆக்சைடுக்கு அசையவே இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே பிஎச் ஏறுவதைத்தான் காட்டுகிறது என்று அதே ஆண்டு இன்னொரு பெரிய குழு எழுதியது. மின்னல் பொய் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் ஏதோ நடக்கிறது. அதற்கு வைத்த பெயரில்தான் பிரச்சினை. இரண்டாம் தரப்பின் வாதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இவ்வளவு எச்சரிக்கையையும் தாண்டி, இந்த உணரிகள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் 2009இல் வந்த வரிக்குதிரை மீன் ஆய்வு. ஹைப்பர் உணரியைத் தாங்கிய மீன் குஞ்சின் வால் நுனியை வெட்டினார்கள். சில நிமிடத்தில் காய விளிம்பிலிருந்து பெராக்சைடு ஏறத் தொடங்கி, 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை திசுவுக்குள் பரவி, 20 நிமிடம் அளவில் உச்சத்தை அடைந்தது. வெள்ளணுக்கள் வந்து சேர்வதற்கு முன்பே! அதுவரை காயத்தில் பெராக்சைடைக் கொண்டுவருவது வெள்ளணுக்கள்தான் என்ற எண்ணம் இருந்தது. உண்மையில் காயம்பட்ட தோல் செல்களே டுவாக்ஸ் என்ற நொதியால் அதை உண்டாக்குகின்றன, காயத்தருகே அதிகமாகவும் தள்ளத் தள்ளக் குறைவாகவும் இருக்கும் அந்தப் பெராக்சைடுச் சரிவைப் பிடித்துக்கொண்டுதான் வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. நொதியை நிறுத்தினால் வருகை குறைகிறது. ஒளி ஊடுருவும் ஒரு சின்ன மீனில், சரியான இடத்தில், சரியான உணரி. அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி. மற்றத் திசுக்கள் அப்படி இல்லை. ஒளி சிதறும், இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கி வைத்தாலும் பொதுவாகச் சில நூறு மைக்ரோமீட்டர் ஆழம்தான். அதைவிடப் பெரிய தலைவலி தன்னொளிர்வு. என்ஏடிஎச், ஃபிளேவின், கொலாஜன் எல்லாமே எந்தச் சாயமும் இல்லாமல் தாமாக ஒளிரும். வயதாக ஆகச் செல்களில் லிப்போஃபஸ்சின் என்ற கசடு சேரும், அதுவும் ஒளிரும். கிழ எலியின் திசுவையும் இளம் எலியின் திசுவையும் பக்கத்தில் வைத்து, கிழத்தில் ஒளி அதிகம் என்று கண்டால், முதலில் சாயமே போடாத திசுத் துண்டையும் பார்க்க வேண்டும். திசுவை வெளியே எடுத்து வெட்டுவதே ஆக்ஸிஜனேற்றம் செய்யும். அதனால் எடுத்தவுடன் என்-எத்தில்மாலியமைடு என்ற வேதிப்பொருளில் போட்டு, சிஸ்டீன்களை இருந்த நிலையிலேயே உறைய வைப்பார்கள். 2011இல் பழ ஈக்களை இப்படி உறுப்பு உறுப்பாகப் பார்த்தபோது, வயதோடு உடல் முழுக்க ஆக்ஸிஜனேற்றம் ஒரே சீராகக் கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட சில திசுக்களில் மட்டும்தான் பெரிய மாற்றம்.

நான் செய்வது என்ன என்று தெரிந்த உறவினர் ஒருவர், "என் உடம்புல இந்த அழுத்தம் எவ்வளவு இருக்குன்னு உன் மெஷின்ல பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டார். இந்த நல்ல உணரிகளை எல்லாம் மரபணுவாகச் செல்லுக்குள் செலுத்த வேண்டும், மனிதருக்கு அதைச் செய்ய முடியாது என்று விளக்கினேன். உடம்பு முழுமைக்கும் ஒரே எண் என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை என்பதையும் சொன்னேன். மீனின் வாலில் 200 மைக்ரோமீட்டர் தள்ளினாலே எண் மாறிவிடுகிறது. அவருக்கு ஏமாற்றம்தான்.

வளர்ப்புத் தட்டில் நடக்கும் இன்னும் சில தவறுகளும் உண்டு. இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் 18 சதவீதத்துக்கும் மேல், உடம்பின் பெரும்பாலான திசுக்களில் பத்துக்கும் கீழே. சில ஊடகங்களில் செல்லுக்கு உணவாக 1 மில்லிமோலார் பைருவேட் இருக்கும், நாம் ஊற்றும் பெராக்சைடை அது பாதி வழியிலேயே தின்றுவிடும். ஊடகத்தில் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தில் பெராக்சைடை உண்டாக்கும். வெளியே 100 மைக்ரோமோலார் ஊற்றினால் உள்ளே அவ்வளவு இருக்கும் என்று எண்ணக் கூடாது, உள்ளே நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாக இருக்கும். இப்போது நான் வெளியிலிருந்து ஊற்றுவதையே குறைத்துக்கொண்டேன். டி-அமினோ அமில ஆக்ஸிடேஸ் என்ற நொதியைச் செல்லுக்குள் வைத்து, டி-அலனின் கொடுத்தால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பெராக்சைடு உள்ளேயே ஊறும். 2022இல் மைக்கேல் மர்ஃபியும் இத்துறையின் பலரும் சேர்ந்து அளவீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள். ஆர்ஓஎஸ் என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் எந்த மூலக்கூறு என்று சொல்லுங்கள் என்பது அதில் முக்கியமான ஒன்று. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே அதைப் படிக்கக் கொடுக்கிறேன்.

போன மாதம் அப்படிச் சேர்ந்த ஒரு மாணவி ஹைப்பர் ஓட்டினாள். மருந்து விட்ட இரண்டாவது நிமிடம் விகிதம் செங்குத்தாக ஏறியது, முகமெல்லாம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டாள். பக்கத்துத் தட்டில் சைஃபர் இருந்தது. அதையும் ஓட்டச் சொன்னேன். அதுவும் அதே நேரத்தில், ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்போ இது பிஎச்சா அக்கா?" என்றாள். "இருக்கலாம், ஹைப்பர்-7 வைத்துப் பார்ப்போம்" என்று சொல்லி, உறைபெட்டியில் அதன் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் குப்பியைத் தேடப் போனேன்.